சைப்ரஸை ஒன்றாக்கும் பேச்சைச் சாக்கடையிலிருந்து தொடங்கலாம்

கேள்வி: ஐம்பது வருடமாகப் பேசியும் சைப்ரஸ் ஒன்றுசேரவில்லையே, வேறு எப்படிப் பேசிப் பார்க்கலாம்?

சைப்ரஸின் தெற்குப் பக்கத்து ஊரான லிமசோலில் மூன்று வருடம் வேலை பார்த்தவன், அவ்வளவுதான் என் தகுதி. 1974இல் துருக்கி ராணுவம் இறங்கியதிலிருந்து தீவு இரண்டாகக் கிடக்கிறது: தெற்கே கிரேக்க சைப்ரஸ்காரர்கள், வடக்கே துருக்கிய சைப்ரஸ்காரர்கள்.

தலைநகர் நிக்கோசியாவில் லெட்ரா தெரு என்று ஒரு கடைத்தெரு. நடந்துகொண்டே போனால் நடுவில் ஒரு போலீஸ் கூண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் இன்னொரு கூண்டு, மறுபடி பாஸ்போர்ட். தெற்கே 'சைப்ரஸ் காபி' என்று குடித்ததையே வடக்கே 'துருக்கிக் காபி' என்று கொடுப்பார்கள். அதே சின்னக் கோப்பை, அடியில் அதே வண்டல். வந்த புதிதில் தெற்கே உட்கார்ந்து துருக்கிக் காபி கேட்டுக் கடைக்காரரிடம் ஒரு முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'எல்லாம் முடிவாகும் வரை எதுவும் முடிவானதில்லை' என்பது அங்கே பேச்சுவார்த்தையின் விதி. ஆட்சிப் பங்கீடு, 1974இல் ஓடிவந்தவர்கள் விட்டுவந்த வீடு நிலம், துருக்கி ராணுவம் எல்லாம் ஒரே மூட்டை. ஒரு முடிச்சு இறுகினால் மூட்டையே அவிழாது. 2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் ராணுவமும், 1960 ஒப்பந்தம் துருக்கி, கிரீஸ், பிரிட்டன் மூன்றையும் உத்தரவாத நாடுகளாக்கியதில் துருக்கி தனக்கு உண்டு என்று சொல்லும் தலையிடும் உரிமையும் சிக்கலாகிப் பேச்சு முறிந்தது. 2004இல் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் தீவை ஒன்றாக்கக் கொண்டுவந்த திட்டமும் மூட்டையாகத்தான் வாக்கெடுப்புக்குப் போனது. துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65% பேர் சரி என்றார்கள், கிரேக்க சைப்ரஸ்காரர்களில் 76% பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு பற்றிய பயம் இருந்தது உண்மை. ஆனால் ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது எப்படியும் உறுதி என்ற நிலையில், வேண்டாம் என்று சொல்வதில் பெரிய நஷ்டமும் இல்லை.

என் யோசனை, ஒத்துக்கொண்டதை அன்றைக்கே அமலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது. இதற்கு முன்மாதிரி நிக்கோசியாவின் தரைக்குக் கீழேயே ஓடுகிறது. ஊர் பிளந்தபோது சாக்கடைக் குழாய்களில் பெரும்பகுதி தெற்கே, கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டிய இடம் வடக்கே. 1978இல் இரண்டு பக்க மேயர்களும், லெலோஸ் டிமெட்ரியாடிசும் முஸ்தஃபா அக்கின்ஜியும், இறையாண்மை, கொடி எதையும் இழுக்காமல் சாக்கடையை மட்டும் பேசி முடித்தார்கள். கழிவுநீர் இன்றும் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. (அக்கின்ஜி பிற்பாடு வடக்கின் தலைவராகி அதே கிரான்ஸ்-மொன்டானாவில் உட்கார்ந்தார். அங்கே சாக்கடை இல்லை, பாவம்.)

அடுத்ததாக நான் எடுப்பது வரோஷாவை. வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஃபமகுஸ்தா நகரின் ஓட்டல் பகுதி அது, கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வாழ்ந்த இடம். 1974இல் மக்கள் ஓடியபின் துருக்கி ராணுவம் வேலி போட்டது. 2020இல் ஒரு பகுதியை நடந்து பார்க்கத் திறந்தார்கள், வீட்டுக்காரர்களுக்கு வீடு திரும்பவில்லை. அதை ஐ.நா. மேற்பார்வையில் அவர்களிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு, துருக்கியைத் தவிர யாரும் நாடாக ஏற்காத வடக்குக்கு நேரடி விமானமும் வியாபாரமும் கொடுக்கலாம். 1993இல் ஐ.நா. முன்வைத்ததும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். ஆனால் இந்தப் பேரத்தைத் தலைவர்கள் கையில் விடாமல், வரோஷாவில் வீடு வைத்திருந்தவர்களையும் இன்றைய ஃபமகுஸ்தா வியாபாரிகளையும் எதிரெதிரே உட்காரவைப்பேன்.

ராணுவம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அதை அங்காராவும் ஏதென்ஸும் லண்டனும் தனி அறையில் பேசட்டும், எத்தனை வருடம் வேண்டுமானாலும். அந்த அறையில் சண்டை வந்தால் வரோஷா அறையின் விளக்கை அணைக்கக் கூடாது, அதை மட்டும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வேன்.