கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு: சிறு வியாபாரிகளுக்கான கேள்வி-பதில்

கடையைப் பற்றி இணையத்தில் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று கேட்டு இந்த முறையும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் என்ன வியாபாரம் என்றே சொல்லவில்லை. அவர்களுக்கும் உள்ளே ஒரு பதில் இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: இணையதளம் போட்டாயிற்று. வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்லி மகன் உயிரை எடுக்கிறான். ஜமக்காளத்தைப் பற்றி வாரா வாரம் எழுத என்ன இருக்கிறது?
ஜமக்காள வியாபாரி, பவானி

ப: நேற்று கடைக்கு வந்தவர் என்ன கேட்டார்? "ஆறுக்கு ஒன்பது எடுத்தால் எத்தனை பேர் உட்காரலாம்?" என்று யாராவது கேட்டிருப்பார். சம்மணம் போட்டால் பன்னிரண்டு பேர் வரை உட்காரலாம். இலை போட்டுப் பரிமாறுவதென்றால் அதில் பாதி. முடிந்தது, ஒரு கட்டுரை. "துவைத்தால் சாயம் போகுமா?" என்பது இரண்டாவது. "இது கைத்தறியா, விசைத்தறியா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது மூன்றாவது. உங்களுக்கு இதுதான் முக்கியம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிவைத்த ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில், குறைந்த விலையில் விற்கிறது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஓரத்தைப் புரட்டிப் படம் எடுங்கள். கடையில் விரலை வைத்துக் காட்டிச் சொல்வீர்களே, அதை அப்படியே எழுதுங்கள்.

கல்லா பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். வருகிறவர் கேட்பதை, அவர் கேட்ட வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாதம் முப்பது கேள்வியாவது சேரும். 'ஜமக்காளத்தின் வரலாறு' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். வீட்டு விசேஷத்துக்கு விரிப்பு தேடுகிறவருக்கு எந்தப் பரீட்சையும் இல்லை.

கே: ஒரு நாளைக்கு எத்தனை பதிவு போட வேண்டும்?
மொபைல் கடை, விழுப்புரம்

ப: சொல்ல விஷயம் இருக்கிற அன்று ஒன்று. பூப்படம் போட்ட 'இனிய காலை வணக்கம்' கணக்கில் சேராது.

கே: மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். 'சர்க்கரை நோயை வேரோடு விரட்டும் நல்லெண்ணெய்' என்று ஒரு கட்டுரை தயார் செய்திருக்கிறோம். தலைப்பு எப்படி?
எண்ணெய் செக்கு, காங்கேயம்

ப: தலைப்பு உங்களை வக்கீல் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். சர்க்கரை நோய், புற்றுநோய், ரத்த அழுத்தம் இதையெல்லாம் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். உணவுப் பொருள் விளம்பரத்துக்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் தனியாக விதி கொண்டுவந்திருக்கிறது. "எல்லாரும் போடுகிறார்களே" என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். மாட்டாதவரைதான் எல்லாரும்.

உங்களிடம் அதைவிட நல்ல கட்டுரை இருக்கிறது. பாக்கெட் எண்ணெயை விட உங்கள் எண்ணெய் ஏன் இவ்வளவு விலை? ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு ஆகிறது. இன்றைய பருப்பு விலை என்ன, ஆட்டுக்கூலி என்ன, புண்ணாக்கு விற்றால் என்ன திரும்பி வருகிறது என்று கணக்கை அப்படியே எழுதுங்கள். படிக்கிறவரே கூட்டிப் பார்த்து, பாதி விலைக்குக் கிடைக்கும் 'செக்கு' எண்ணெயைச் சந்தேகப்படுவார். அப்புறம், அடியில் கசடு ஏன் தங்குகிறது, எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் சேர்க்கிறீர்கள், பொரிக்கும்போது ஏன் நுரைக்கிறது? நோட்டில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்க வேண்டுமே. நோட்டு வைத்திருக்கிறீர்களா?

கே: சார், எங்கள் கடைக்கு நல்ல கன்டென்ட் அனுப்பவும். அவசரம்.
(பெயர் இல்லை, ஊர் இல்லை)

ப: என்ன கடை?

கே: ஆரி ஒர்க் ப்ளவுஸ் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் 11 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். தினமும் 40 பேர் விலை கேட்கிறார்கள். மாதம் ஆறு ப்ளவுஸ் ஆர்டர் வந்தால் பெரிது. விலையைப் பதிவிலேயே போடலாம் என்றால், போட்டிக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.
வாசகி, சேலம்

ப: வாங்கம்மா, இந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன்.

'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்.' இந்த மூன்று வார்த்தையை யார் தொடங்கிவைத்தார்கள் என்று தெரிந்தால் நேரில் போய்ச் சண்டை போடுவேன். போன வருஷம் ஊஞ்சல் பலகை ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல தேக்குப் பலகை ஒன்றின் படம் கண்ணில் பட்டது. கீழே இருபதுக்கு மேல் பேர் "விலை?" என்று கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: இன்பாக்ஸ். சரி என்று போனேன். "ஹாய் சார், எந்த மாடல்?" என்று வந்தது. படத்தை அனுப்பினேன். "அளவு சார்?" சொன்னேன். "எந்த ஊர் சார்?" அதையும் சொன்னேன். "நாளைக்குச் சொல்கிறோம் சார்." ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வழியில் ஒரு கடையில் பலகையின் மேல் சாக்பீஸால் விலை எழுதிச் சாய்த்து வைத்திருந்தார்கள். இறங்கினேன், ஆயிரம் குறைத்துக் கேட்டேன், ஐந்நூறு குறைத்தார், வண்டியில் ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை இன்பாக்ஸில் விலை வந்தது. காரைக்குடிக் கடை விலையை விட இரண்டாயிரம் குறைவு! என்ன பிரயோஜனம்?

போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்கிறீர்கள். அவருக்கு உங்கள் விலை எப்போதோ தெரியும். போன மாதம் மைத்துனி கல்யாணத்துக்கென்று விவரமாக விசாரித்துவிட்டு அப்புறம் சத்தமே காட்டாமல் போனாரே ஒருவர், யார் என்று நினைத்தீர்கள்? தெரியாமல் இருப்பது வாங்க வருகிறவருக்கு மட்டும்தான். அவர் விலையைக் காணாதபோது 'நம்மால் முடியாத விலையாக இருக்கும்' என்று நகர்ந்துவிடுகிறார், அல்லது 'ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் போலிருக்கிறது' என்று சந்தேகப்படுகிறார். பேரமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு டிசைனுக்கும் விலை மாறும், எப்படிப் போடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். படத்தில் இருக்கும் ப்ளவுஸுக்கு ஒரு விலை உண்டல்லவா? அதைப் போடுங்கள். நீங்கள் அனுப்பியிருந்த பதிவில் 'உங்கள் கனவு ப்ளவுஸ் இங்கே நனவாகும்' என்று ஒரே வரி. அதை எடுத்துவிட்டு இப்படிப் போடலாம். தொகையை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"கழுத்தைச் சுற்றி ஒரு வரி ஜர்தோசி, கை ஓரத்தில் கட் பீட்ஸ். இந்தப் படத்தில் இருக்கும் வேலைக்கு 2,800 ரூபாய், தையல்கூலி 600 தனி. கை ஓரம் மட்டும் போதும் என்றால் 1,500. முதுகு முழுக்க நிரப்பினால் 7,000-க்கு மேல். துணியும் லைனிங்கும் நீங்கள் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு நாளில் கிடைக்கும். தை, ஆவணி முகூர்த்தம் என்றால் ஒரு மாதம் முன்னால் கொடுத்துவிடுங்கள். சேலம் அம்மாபேட்டை. காலை பத்து முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு விடுமுறை."

இதில் அழகான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கல்யாணப் பெண்ணின் அம்மா கேட்கும் ஆறு கேள்விக்கும் பதில் இருக்கிறது. இதைப் போட்டால் நாற்பது பேர் விசாரிக்க மாட்டார்கள். ஐந்தாறு பேர்தான் கேட்பார்கள், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த ஐந்தாறு பேரும் 2,800 என்று தெரிந்தே வருகிறவர்கள். தினமும் நாற்பது பேருக்கு "ஹாய் மேம்" தட்டும் நேரத்தில் ஒரு கை ஓரத்தை முடித்துவிடுவீர்கள்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: விலை, ஊர், நேரம். இந்த மூன்றும் இல்லாமல் எதையும் போடாதீர்கள்.

கே: சாட்ஜிபிடியை வைத்துக் கட்டுரை எழுதலாமா? மாதிரிக்கு ஒன்று இணைத்திருக்கிறேன்.
உள் அலங்காரம் செய்பவர், கோவை

ப: படித்தேன். 'இன்றைய வேகமான உலகில்' என்று தொடங்குகிறது. உங்கள் பெயரை எடுத்துவிட்டு மதுரைக்காரர் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. சாட்ஜிபிடி உங்கள் கடைக்கு வந்ததில்லை, தண்ணீர் பட்டு உப்பிப்போய் நீங்கள் மாற்றிக் கொடுத்த ஒரு சமையலறை அலமாரியையும் பார்த்ததில்லை. அந்த வீட்டில் எந்தப் பலகை போட்டார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள், எவ்வளவு செலவு ஆனது என்பதையெல்லாம் போனில் பேசிப் பதிவு செய்து கொடுங்கள். பிழை திருத்த, ஒழுங்குபடுத்த அந்தக் கருவி உதவும். சரக்கு உங்களுடையதாக இருக்கட்டும்.

கே: வாட்ஸாப்பில் பிராட்காஸ்ட் போட்டால் 250 பேரில் அறுபது பேருக்குக்கூடப் போய்ச் சேருவதில்லை. செயலியில் கோளாறா?
காய்கறி வீட்டு விநியோகம், திருச்சி

ப: கோளாறு இல்லை. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதைப் பார்த்திருக்கிறீர்கள், அடுத்த வரியைப் படிக்கவில்லை. காய்ப் பையைக் கொடுக்கும்போதே "எங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், காலை ஏழு மணிக்கு விலைப் பட்டியல் வரும்" என்று சொல்லி அங்கேயே சேமிக்கச் செய்யுங்கள். கேட்காமல் குழுவில் இழுத்துப் போடாதீர்கள். முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு நடுவில் தன் எண் கிடப்பதை யாரும் விரும்புவதில்லை.

கே: சென்னையில் கடலை மிட்டாய் செய்கிறோம். பூர்விகம் கோவில்பட்டி. 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று எழுதலாம்தானே?
வாசகர், அம்பத்தூர்

ப: கூடாது. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் செய்தால்தான் அந்தப் பெயர். 'கடலை மிட்டாய்' என்று போடுங்கள். தாத்தா கோவில்பட்டிக்காரர் என்பதை உங்கள் கதையில் தாராளமாகச் சொல்லுங்கள், அட்டைப்பெட்டியில் வேண்டாம்.

கே: கூகுளில் கிடைத்த படத்தைத்தானே போட்டோம்? இப்போது ஒரு போட்டோகிராபர் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இது நியாயமா?
கேட்டரிங், மதுரை

ப: நியாயம்தான். கூகுளில் தெரிவதெல்லாம் கூகுளுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. படத்தை உடனே எடுத்துவிட்டு மரியாதையாகப் பேசி முடியுங்கள். தொகை பெரிதென்றால் வக்கீலைக் கேளுங்கள். எவனோ சமைத்த பிரியாணிப் படத்தைக் காட்டி உங்கள் பிரியாணியை விற்பது எந்த ஊர் வழக்கம் என்பது வேறு கேள்வி. காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக, பரிமாறின இலையை உங்கள் போனிலேயே எடுங்கள். அண்டாவையும் எடுங்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும். அளவு தெரிய வேண்டும்.

கே: உணவு வீடியோ போடும் யூடியூபர் ஒருவர் 15 ஆயிரம் கேட்கிறார். "காசு வாங்கினதைச் சொல்ல மாட்டேன், அப்போதுதான் நம்புவார்கள்" என்கிறார்.
பிரியாணிக் கடை, ஆம்பூர்

ப: சொல்லித்தான் ஆக வேண்டும். 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல் அது. வேறு ஆளைப் பாருங்கள்.

கே: ஆர்ஓ மெஷின் பழுது பார்க்கிறோம். தமிழில் எழுதவா, ஆங்கிலத்திலா?
வாசகர், திருநெல்வேலி

ப: தேடுகிறவர் 'ஆர்ஓ சர்வீஸ்' என்பதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார், அவசரத்தில் இருப்பார். ஆகவே கூகுள் மேப்பில் பெயரும் வேலையும் இரண்டு மொழியிலும் இருக்கட்டும். இந்தப் பதிவுக்குக் காசு கிடையாது, ஆனாலும் பல கடைகள் இன்னும் செய்யவில்லை. 'தண்ணீர் ஏன் சொட்டுச் சொட்டாக வருகிறது', 'ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும்' போன்ற விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பார்கள். ஒன்று கவனியுங்கள்: நீங்கள் எல்லாவற்றையும் டிசைனரிடம் கொடுத்துப் படமாக்கிப் போட்டிருக்கிறீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் முன்னால் வர முடியாது. அச்சகத்தில் நான் நோட்டீஸ் எழுதிய காலத்துப் பழைய எழுத்துருவில் வாங்கி ஒட்டினால் இன்னும் மோசம், அடுத்தவர் போனில் சம்பந்தமில்லாத எழுத்தும் குறியுமாகத் தெரியும். எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரியும் யுனிகோடில், எழுத்தாகவே போடுங்கள். விலை, ஊர், நேரம் அதிலும் உண்டு. வந்து பார்க்கும் கூலி எவ்வளவு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்கலாமா?
வாசகர், ஓசூர்

ப: வாங்கலாம், அவர்கள் யாரும் உங்களிடம் வாங்க மாட்டார்கள்.

கே: ஐந்து ஸ்டார் கொடுத்தால் ஒரு பாக்கெட் மக்ரூன் இலவசம் என்று போர்டு வைக்கலாமா? ஒரே ஒருவர் 'நமத்துப்போயிருந்தது' என்று ஒரு ஸ்டார் போட்டதில் எங்கள் சராசரி இறங்கிவிட்டது. அதை எப்படி நீக்குவது?
பேக்கரி, தூத்துக்குடி

ப: போர்டு வேண்டாம். பரிசு கொடுத்து மதிப்புரை வாங்குவதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. அந்தப் போர்டையே ஒருவர் படம் எடுத்துப் போட்டுவிடுவார்.

ஒரு ஸ்டாரை நீக்க முயற்சி செய்யாதீர்கள். மக்ரூன் ஈரக்காற்று பட்டால் நமக்கத்தான் செய்யும், தூத்துக்குடிக் கடற்காற்றுக்குக் கேட்கவா வேண்டும். "வருந்துகிறோம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று ஒரே ஒரு தடவை பதில் போடுங்கள். அதையே கொஞ்சம் விரித்து எழுதினால் ஒரு பதிவு ஆயிற்று. ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் தேடிப் படிப்பார்கள். பாக்கெட்டில் சுட்ட தேதி அடிக்கிறீர்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.