"இவன் மறுபடியும் கொல்வான்": வைத்தியர் சொன்னால் போதுமா?

கேள்வி: மரண தண்டனை வழக்கில் மனநல வைத்தியர் சொல்வதை நீதிமன்றம் அப்படியே நம்பிவிடுமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நம்பிக் கெட்ட கதை அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கிறது. அங்கே மரண தண்டனைக்கு முன், "இவர் இனியும் ஆபத்தானவரா?" என்பதற்கு ஜூரிகள் விடை சொல்ல வேண்டும். ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல வைத்தியர் நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கூண்டேறினார், பெரும்பாலும் அரச தரப்புக்காக. 'டொக்டர் டெத்' என்றே பெயர் விழுந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ரண்டல் அடம்ஸிடம் ஒரு பழமொழிக்கு அர்த்தம் கேட்டார், சில உருவங்களைப் பார்த்து வரையச் சொன்னார். பிறகு, ஆள் ஆபத்தானவர் என்று சாட்சி சொன்னார். 1977இல் அடம்ஸுக்கு மரண தண்டனை. தீர்ப்பே பிழை என்று 1989இல் வெளியே விட்டார்கள்.

இன்னொரு கொலை வழக்கில் சிக்கிய தோமஸ் பெயர்ஃபுட்டை கிரிக்சன் நேரில் பரிசோதிக்கவே இல்லை. இத்தகைய கணிப்புகளில் மூன்றில் இரண்டு பிழையாகிவிடும் என்று அமெரிக்க மனநல வைத்தியர் சங்கமே எழுதிக் கொடுத்தும், 1983இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை ஏற்றது. மறுவருடம் தண்டனை நிறைவேறியது. சங்கம் கிரிக்சனை வெளியேற்றியது 1995இல். ஆறிப்போன சோறு!

கேள்வி: இங்கும் அப்படி நடக்குமா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: அதே மாதிரி நடக்காது. இங்கே இலங்கையில் கொலை நிரூபணமானால் மரண தண்டனைதான். நாளை என்ன செய்வார் என்று யாரும் கேட்பதில்லை. வைத்தியர் வருவது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவுக்காக: செய்கிற நேரத்தில் செய்வது இன்னதென்று அறியும் புத்தி இருந்ததா? இல்லை என்று நிரூபிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பின் பாடு. எப்போதோ நடந்த சம்பவத்தின் மனநிலையை, மாதக்கணக்கில் கழித்து அங்கொடை மனநல வைத்தியசாலையில் பார்த்த வைத்தியர் சொல்ல வேண்டும். கஷ்டமான வேலைதான்.

கேள்வி: தம்பியின் வழக்கில் வைத்திய அறிக்கை ஒரே பக்கம். எங்கள் சட்டத்தரணி என்ன கேட்க வேண்டும்?
– மட்டக்குளி வாசகர்

பதில்: சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் அபிப்பிராயத்தை உள்ளே விடுகிறது, 51ஆம் பிரிவு அதற்கான காரணங்களையும் கேட்க வழிவிடுகிறது. எனக்குப் பெரியது 51தான். எத்தனை தடவை பார்த்தார், எவ்வளவு நேரம், முக்கியமாக எந்த மொழியில்? "மண்டைக்குள்ள சத்தம் கேக்குது" என்று தம்பி சொன்னது மொழிபெயர்ப்பாளர் வாயில் தலைவலியாகி இருக்கலாம். அப்புறம், பழைய கிளினிக் கொப்பி இருந்தால் தேடி எடுங்கள். சம்பவத்துக்கு முந்திய திகதியில் ஒரு வரி இருந்தாலும் பெறுமதி அதிகம்.

கேள்வி: 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லையே, ஏன் வீண் கவலை?
– தெஹிவளை வாசகர்

பதில்: 2019இல் போதைப்பொருள் கைதிகள் நால்வருக்கு ஜனாதிபதி கையொப்பம் வைத்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அன்று அந்த நால்வரின் வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் இதை.