மணி பார்த்துக் கொடுங்கள், வலி பார்த்து அல்ல: கிராமங்களில் புற்றுநோய் வலி – கேள்வி பதில்

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்): வாய்ப்புற்று உள்ள அம்மாவுக்கு வலி மாத்திரை டிராமடால் 100 மி.கி. நாலு வேளை போகுது. வலி அடங்கல. கூட்டலாமா சார்?

பதில்: கூடாது. நாளுக்கு 400 மி.கி.தான் உச்சவரம்பு, அதைத் தொட்டுவிட்டீர்கள். டிராமடாலை நிறுத்திவிட்டு, அதைவிட வலுவான வலி மருந்தான மார்ஃபினுக்கு மாறுங்கள். பாராசிட்டமால் தொடரட்டும்.

சாதாரண 10 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 5 மி.கி., காலை 6, 10, மதியம் 2, மாலை 6 மணிக்கு. இரவு 10 மணிக்கு முழு மாத்திரை. அப்போதுதான் நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டியிருக்காது. மொத்தம் 30 மி.கி. மிகவும் தளர்ந்த முதியவர் என்றால் 2.5 மி.கி.யில் ஆரம்பியுங்கள். இடையில் வலி மீறினால் நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, இங்கே 5 மி.கி., கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்காக அடுத்த வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. கூடுதல் வேளை அடிக்கடி தேவைப்பட்டால், மறுநாள் ஒவ்வொரு வேளையையும் 7.5 மி.கி. ஆக்குங்கள், இரவு வேளை 15.

ஸ்ட்ரிப்பில் எஸ்.ஆர். (மெதுவாக இறங்கும் வகை) என்று இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். 12 மணி நேர மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். மூக்குக் குழாய் வைத்தவருக்கு மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுப்பார்கள் என்பதால், அவர் வீட்டில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும்.

கேள்வி (நோயாளியின் மகன்): மார்ஃபின் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து அப்பாவுக்கு வாந்தி. அஞ்சு நாளா வெளிக்குப் போகல. நிறுத்திடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்தினால் வலி திரும்பும். வாந்தி பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அதுவரை மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி., சாப்பாட்டுக்கு அரை மணி முன், மூன்று வேளை. மலச்சிக்கல் அப்படிப் போகாது. மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியான பிசாகோடைல் 5 மி.கி. இரண்டு மாத்திரை, இரவில், முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு இசப்கோல் கொடுத்தால் இன்னும் இறுகும்.

ஆனால் இப்போது ஐந்து நாள் ஆகிவிட்டதால் முதலில் நர்ஸோ மருத்துவரோ வந்து பார்க்கட்டும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், முறுக்கி வலித்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது மெட்டோகுளோபிரமைடு, பிசாகோடைல் இரண்டுமே ஆபத்து.

கேள்வி (மருந்தாளுநர்): மார்ஃபின் வைக்க என்னென்ன வேண்டும்?

பதில்: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பல துறை லைசென்ஸ் அலைச்சல் இல்லை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் போதும். வலி நிவாரணப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரி, அன்றாடப் பதிவேடு கட்டாயம். தேவையைக் குறைத்து எழுதிவிட்டுப் பிறகு தவிப்பதுதான் பெரிய கோளாறு. நாளுக்கு 60 மி.கி. எடுக்கும் ஒருவருக்கே மாதம் 180 மாத்திரை (10 மி.கி.). இடையில் வலி மீறினால் கூடுதலாகக் கொடுக்கும் இடைவேளை மருந்துக்கும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி (கிராமச் செவிலியர்): வீட்டுக்குப் போய் கேட்டா "பரவால்லம்மா"ன்னுதான் சொல்றாங்க.

பதில்: "வலிக்குதா" என்று கேட்டால் அப்படித்தான் வரும். "ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? எந்தப் பக்கம் படுக்க முடியல?" என்று கேளுங்கள். பிறகு வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதுங்கள். ஸ்ட்ரிப்பைக் கையில் வாங்கி எண்ணுங்கள். மீதி அதிகமென்றால், பழகிவிடும் என்று பயந்து யாரோ வேளையைத் தவறவிடுகிறார்கள். வலிக்காகக் கணக்காகக் கொடுக்கும் மருந்துக்கு அடிமையாவது அபூர்வம் என்பதை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

"எரியுது, ஷாக் அடிக்குது" என்றால் நரம்பு வலி. மருத்துவரிடம் சொல்லி இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. சேர்க்கச் சொல்லுங்கள், சிறுநீர் பிரியச் சிரமப்படுபவருக்கு வேண்டாம். முதுகுவலியோடு கால் வலுவிழந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரி.

கேள்வி: கிரியாட்டினின் கூடுதலா இருந்தா?

பதில்: சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம், மார்ஃபினின் கழிவு உடம்பில் தேங்கும். அளவைக் குறைத்து, 6 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கைகால் வெட்டி இழுத்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே போனாலோ அடுத்த வேளை கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: புண்ணுக்குக் கட்டு மாத்தும்போது கத்துறாங்க.

பதில்: அரை மணி முன்னால் இடைவேளை மார்ஃபின் ஒன்று. ஒட்டிய துணியைப் பிய்க்காமல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவலாம்.