குழு உடைந்துவிட்டது, பாட்டு யாருடையது?

வணக்கம் ஐயா.

உங்கள் மகனின் ராக் குழு கலைந்ததைப் பற்றி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, இனிமேலாவது படிப்பான்" என்கிறீர்கள். அடுத்த மூச்சிலேயே "பத்து நாளா ரூமை விட்டு வெளிய வரல" என்கிறீர்கள். எனக்குக் கவலை இரண்டாவதுதான். உயர்நிலை இரண்டிலிருந்து ஒன்றாகத் திரிந்த நாலு பேர். உங்கள் கணக்கில் ஒரு ராக் குழு கலைந்தது, அவன் கணக்கில் கூட்டாளிகளே இல்லாமல் போய்விட்டார்கள்.

கணக்கியலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். ஒலித் தொழில்நுட்பத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பையன் படிப்பை விட்டு விலகினால், அதற்காகக் கிடைத்த தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை) ஒத்திவைப்பும் போய்விடும். கணக்கியல் வகுப்பில் உட்காருவதற்கு முன், ராணுவ அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் போய் நிற்பான். விட்டுப்போன வகுப்புகளைப் பற்றிப் பலதுறைத் தொழிற்கல்லூரியின் மாணவர் ஆலோசகரிடம் இந்த வாரமே பேசட்டும். தயங்கினால் நீங்களும் கூடப் போங்கள். ஆனால் வாசலோடு நின்றுவிடுங்கள்.

இனி, இசை நிறுவனம் குழுவிடம் நீட்டிய அந்த ஒப்பந்தம். "என் கையெழுத்து இல்லாம செல்லாதே" என்றீர்கள். செல்லும். 2009 மார்ச் 1 முதல் சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் போடும் ஒப்பந்தங்கள், சில விலக்குகள் தவிர, அவரைக் கட்டுப்படுத்தும். உங்கள் மகனுக்கு 19. தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்ட, குழுவின் பாடகர் தம்பியும் ஒப்பந்தம் போடும் வயதை எட்டியவர்தான். உங்கள் மகன் போடாமல் நின்றதைப் பிடிவாதம் என்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த நாலு பேரில் பத்திரத்தைப் படித்தவன் அவன் ஒருவன்தான் என்று தோன்றுகிறது.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் நிறுவனம் தரும் முன்பணம் என்றால் சம்பளம் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். உதாரணத்துக்கு 8,000 வெள்ளி முன்பணம், குழுவின் பங்கு 15 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டு 40,000 வெள்ளி சம்பாதித்தால் குழுவின் பங்கு 6,000. அது அவர்கள் கைக்கு வராது, முன்பணத்தில் கழியும். அப்புறமும் 2,000 வெள்ளி ஈடாகாமல் நிற்கும். ஒலிப்பதிவு, காணொளிச் செலவையும் அவர்கள் பங்கிலிருந்தே கழிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அதற்காக நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சொல்ல வரவில்லை. பணம் போடுகிறவர் முதலில் தன் பணத்தை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆனால் குழுவின் பெயர் யாருக்கு, ஒருவர் விலகினால் மற்றவர்கள் கதி என்ன, எத்தனை ஆண்டுகள் வேறு எவருக்கும் பாடக்கூடாது என்ற வரிகளைப் படிக்காமல் போட்ட கையெழுத்து பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

அவசரம் எதில் என்றால், உங்கள் மகன் எழுதிய பாடல்களில். பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, அதைப் பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை. முதல் உரிமைக்கு எங்கும் பதிய வேண்டியதில்லை. எழுதியோ பதிவு செய்தோ வைத்தாலே உண்டு, எழுதியவர் காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. பாடகர் தம்பி மூன்று பாடல்களைத் தனியாக வெளியிடப் போவதாகச் சொன்னீர்களே, அவற்றில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாதிப் பாதியா என்று நாலு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேசிக்கொள்ளாவிட்டாலும், வாட்ஸ்அப்பில் இன்னும் ஒருவரை ஒருவர் தடுக்கவில்லையாம். அதுவும் நடப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பிறகு, பாடல் எழுதுகிறவர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தர 1987 முதல் இயங்கும் கம்பாஸ் அமைப்பில் உறுப்பினராகி, அதே பங்கு விவரத்தோடு பாடல்களைப் பதியலாம். வானொலியிலோ மேடையிலோ ஒலித்தால் எழுதியவருக்கு உரிமைத்தொகை வரும் வழி அது. தாளை ஒருவர் படித்துச் சொல்ல வேண்டுமானால் சமூக மன்றங்களில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

"இதுல சோறு கிடைக்குமா?" ராக் குழுவை மட்டும் நம்பினால், இந்தச் சின்ன ஊரில் கஷ்டம், மறைக்க மாட்டேன். 1992இல் இங்கே தொடங்கி, சமஸ்கிருத மந்திரங்களை மெட்டல் இசையில் பாடி வெளிநாடுகளிலும் பெயர் வாங்கிய ருத்ரா போன்ற குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் உங்கள் மகன் படிப்பது மேடைக்குப் பின்னால் இருக்கிற வேலை. கோயில் விழாவிலிருந்து எஸ்பிளனேட் கலை அரங்கம் வரை ஒலி பார்க்க ஆள் தேவை. தனியாளாக வேலை எடுத்தால் மாத வருமானம் ஏறி இறங்கும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புத் தொகையைத் தானே கட்ட வேண்டும். இதையெல்லாம் இன்றே அவனிடம் கொட்ட வேண்டாம்.

வியாழக்கிழமை மாலை வாருங்கள். அந்த ஒப்பந்த நகலை அவன் கையாலேயே எடுத்து வரட்டும். பேஸ் கிட்டாரைக் கரோசெல் விற்பனைச் செயலியில் விற்கப் போட்டிருக்கிறான் என்றீர்கள், அந்த விளம்பரத்தை ஒரு மாதத்துக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.