களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். பள்ளியில் மாவட்ட அளவில் கபடி ஆடியவள். ஸ்போர்ட்ஸ் மெடிசின் படிக்க ஆசை. அப்பாவோ, "அதைப் படிச்சா எந்த கிரிக்கெட் டீம் உன்னைக் கூப்பிடப் போகுது? ஆர்த்தோ எடு" என்கிறார். கபடி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் இல்லை, கபடி ஆடியவன். அந்த இடத்திலிருந்துதான் பேச முடியும்.

எங்கள் அணியில் ஒரு ரெய்டர் இருந்தான். ஒரு பொங்கல் ஆட்டத்தில் பிடியிலிருந்து திமிறித் திரும்பியபோது அவன் வலது முட்டி 'டொப்'பென்றது. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. ஸ்பிரே அடித்து, துண்டை இறுக்கிக் கட்டி, அடுத்த ரெய்டுக்கு அனுப்பினோம். ராத்திரிக்குள் முட்டி தேங்காய் போல வீங்கிவிட்டது. மறுநாள் கட்டு போட்டார்கள், மூன்று வாரத்தில் நடந்தான். அறுந்திருந்தது முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு. நேராக நடக்க அது பெரிதாகத் தேவைப்படாது. சட்டென்று திரும்பும்போதுதான் அது இல்லாதது தெரியும். நடக்கிறானே என்று மறுபடியும் இறக்கினோம். முட்டி விலகும் ஒவ்வொரு முறையும் உள்ளே குருத்தெலும்பு கிழிந்துகொண்டே போயிருக்கிறது. 23 வயதில் ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு அவனை உட்கார வைக்க ஓர் ஆள் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவன் முகம்தான் வந்தது.

அப்பாவின் பயத்தில் பாதி நியாயம். எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசினுக்கு நாட்டிலேயே சீட்டுகள் குறைவு. டெல்லி சப்தர்ஜங்கில் 2010 முதல் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்திலும் இதைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆர்த்தோ முடித்து, சிறு துளை வழியாக மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி பழகி வருகிறவர்களும் நிறையப் பேர். ஆனால் விளையாட்டுக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தியே வேண்டாம். கத்தி வைத்தாலும் வேலை அதோடு முடிவதில்லை. ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். ஆறாம் மாதமே வலி போயிருக்கும், பையன் ஓடுவான், "இறக்கிவிடுங்க டாக்டர்" என்று கோச் நிற்பார். அடிபட்ட காலின் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதத்துக்காவது வந்திருக்கிறதா, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறான் என்றெல்லாம் அளந்து பார்த்து, "இன்னும் இல்லை" என்று சொல்ல வேண்டியது நீங்கள்.

கிரிக்கெட் என்றாரே அப்பா, அங்கேயும் இதே வேலைதான். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போய், பரிசோதனைகளில் தேறி, திரும்பி வந்து ஆடினார். மறுநாள் காலையில் தலைவலி, மந்தம். ஆஷஸ் நடுவில் அணியின் ஆகச்சிறந்த பேட்ஸ்மேனை மருத்துவக் குழு விலக்கியது. அவருக்குப் பதில் இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்வுக்கான முதல் மாற்று வீரர். நேற்று சரி என்றவர்களே இன்று முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் துணிச்சலை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆடியவளான உங்களிடம் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, ஒன்று செய்யுங்கள். தை பிறந்தால் உங்கள் பக்கம் கபடிக்குக் குறைவிருக்காது. ஒரு ராத்திரி டியூட்டியை மாற்றிக்கொண்டு ஐஸ் பையோடு போங்கள். டாக்டர் என்று சொன்னால் கமிட்டிக்காரர்கள் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுவிடுவார்கள். யாராவது ஒருவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுவான். எழுந்து, "ஒண்ணுமில்லக்கா, ஆடுறேன்" என்பான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அப்போது அவனை வெளியே உட்கார வைக்க உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிப் போங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.