சின்னாறில் எரிவது எது? காட்டு வரைபடம் பற்றிக் கேள்வி பதில்

கேரளத்தின் மறையூரில் இருந்துகொண்டு சில ஆண்டுகளாகச் சின்னாறு சரணாலயத்தின் தாவர வரைபட வேலையில் கூட நடந்து வருகிறேன். கோடை நெருங்கும்போது காட்டுத்தீயைப் பற்றியும் வரைபடத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, சின்னாறு 90 சதுர கிலோமீட்டர்தானே? இவ்வளவு சின்னக் காட்டுக்கு எதற்கு இத்தனை வகை? (உடுமலைப்பேட்டை, கல்லூரி மாணவி)

பரப்பு சின்னதுதான் அம்மா, உயரத்தைப் பார். அடிவாரம் 500 மீட்டருக்கும் கீழே, உச்சி 2,300 மீட்டருக்கும் மேலே. கேரளம் முழுக்க இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) கொட்டும்போது இது மழை மறைவில் நிற்கிறது. கீழ்ப்பகுதிக்கு முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதனால் உசிலும் கிளுவையும் வெள்வேலும் நிற்கிற முட்காட்டில் தொடங்கி, வெக்காலியும் வேங்கையும் உள்ள வறண்ட இலையுதிர் காடு, நீர்மருது நிற்கிற ஆற்றோரக் காடு, மேலே புல்வெளி, சோலை (மலை உச்சிப் பசுமைமாறாக் காடு) என்று ஒரே நாளில் ஏறிப் பார்த்துவிடலாம். இந்தியாவில் காடுகளை வகை பிரிக்க இன்றும் சேம்பியன், சேத் இருவரும் 1968இல் தந்த பட்டியலைத்தான் அடிப்படையாக வைக்கிறோம். மழை, வெப்பம், உயரம், மரங்கள் எல்லாவற்றையும் பார்த்துச் செய்த நல்ல பிரிப்பு அது.

அப்படியானால் அந்த வரைபடமே தீக்கும் போதுமே? (பாலக்காடு, பள்ளி ஆசிரியர்)

போதாது சார். இந்த வேலையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். காட்டு வகையின் பெயர் மேலே நிற்கும் மரத்தைச் சொல்கிறது. தீ பிடிப்பதோ முழங்கால் உயரத்துக்குள் கிடப்பதில். ‘வறண்ட இலையுதிர் காடு’ என்று ஒரே நிறம் பூசிய இடத்தில் மூன்று சரிவுகளைக் காட்டுகிறேன், வாருங்கள். ஒன்றில் மரத்தடியில் ஆளுயரத் தைலப்புல் (எலுமிச்சைப்புல் வகை). அடுத்ததில் உண்ணிச்செடி புதராக ஏறி மரக்கிளையைத் தொடுகிறது. மூன்றாவதில் பாறையும் கொஞ்சம் சருகும். முதலாவதில் தீ ஓடும். இரண்டாவதில் மெதுவாகப் போனாலும் புதரை ஏணியாக்கிக்கொண்டு மேலே ஏறும். மூன்றாவதில் தானாகவே அணைந்துவிடும். மரங்கள் மூன்றிலும் ஒன்றுதான்.

எனவே எரிபொருள் வரைபடம் தனியாக வேண்டும். எரிபொருள் என்று இங்கே சொல்வது புல், சருகு, சுள்ளி, விழுந்த கட்டை, புதர் எல்லாவற்றையும்தான். அவற்றைத் தடிமன் பார்த்துப் பிரிப்பார்கள். 6 மில்லிமீட்டருக்குக் குறைவானவை ‘ஒரு மணி நேர’ எரிபொருள்: காற்றின் ஈரம் மாறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அவற்றின் ஈரமும் மாறிவிடும். 25 மில்லிமீட்டர் வரை பத்து மணி நேரம், 76 வரை நூறு மணி நேரம், அதற்கு மேல் ஆயிரம் மணி நேரம். காலையில் பனியில் நனைந்து கிடக்கிற புல் மதியத்துக்குள் தீக்குத் தயாராகிவிடுவது இதனால்தான். பெரிய கட்டை காய மாதக்கணக்காகும். ஆனால் பற்றிவிட்டால் நாள்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

செயற்கைக்கோள் படத்திலேயே புல், புதர் எல்லாம் தெரியாதா? (கோயம்புத்தூர், மென்பொருள் வேலை)

ஓரளவு தெரியும். சென்டினல்-2 படம் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம். லேண்ட்சாட் 30 மீட்டர். பாம்பாற்றின் கரையில் ஆற்றோரக் காடு சில இடங்களில் ஒல்லியான பட்டையாகத்தான் ஓடுகிறது. 30 மீட்டர் படத்தில் அது பக்கத்து முட்காட்டோடு கலந்து காணாமல் போகும். சாம்பல் நிற அணில் வாழ்கிற பட்டை அது, விட்டுவிட முடியாது.

மாதமும் முக்கியம். முதல் வரைபடத்தில் மார்ச் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவு முழுவதையும் முட்காடு என்று குறித்துவிட்டேன். நேரில் போனபோது கூட வந்த முதுவான் பழங்குடிப் பெரியவர், “இது எல்லாம் இலை கொட்டி நிக்குது, மழை வந்தா பாருங்க” என்றார். இலை உதிர்ந்த காடு மேலிருந்து பார்க்க முட்காடு போலத்தான் தெரிகிறது. அப்புறம் டிசம்பர் படம் ஒன்று, மார்ச் படம் ஒன்று என்று இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்தேன். மழைக்குப் பின் பச்சையாகி, கோடையில் சட்டென்று வெளுப்பது இலையுதிர் காடு. இரண்டிலும் பச்சையாக இருப்பது ஆற்றோரமும் சோலையும்.

ஆனால் மர நிழலுக்குள் கிடக்கும் சருகையும் புல்லையும் எந்தப் படமும் முழுசாகச் சொல்லாது. அதற்கு நடக்கத்தான் வேண்டும்.

நடந்து போய் என்ன அளப்பீர்கள்? (காந்தளூர் பக்கத்துக் குடியிலிருந்து, அதாவது பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, ஒரு தம்பி)

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்தைப் போட்டு, அதற்குள் உள்ள புல்லை அடியோடு அறுத்து, சருகையும் சேர்த்து எடை போடுவோம். அதில் ஒரு பங்கை எடுத்துப் போய், எடை இனி குறையாது என்கிற வரை உலர்த்துவோம். காய்ந்த எடை அரை கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 5 டன் என்று கணக்கு.

அந்த எண் எதற்கு என்றால், அந்தப் புல்லில் தீ நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள். தீ முனையின் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 900 கிலோவாட் வெப்பம், சுடர் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர். சுடர் 1.2 மீட்டரைத் தாண்டினால் கைக்கருவியோடு தீயின் முன்னால் நிற்கவே கூடாது என்பது தீயணைப்பில் பொதுவான விதி. நம் வாட்சர்கள் (வனக் காவலர்கள்) பச்சைக் கிளையை ஒடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள். எந்தச் சரிவில் அப்படி நிற்கலாம், எங்கே ஃபயர் லைனுக்கு (தீ தாண்டாமல் இருக்கப் புல்லை வெட்டி வைத்த பட்டைக்கு) பின்வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல இந்த அறுத்து எடை போடுகிற வேலைதான் உதவுகிறது. சரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: மேல்நோக்கிப் போகும் தீ, சரிவு பத்து டிகிரி கூடினால் சுமார் இரண்டு மடங்கு வேகமாகும். 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் பலரின் உயிரைப் பறித்த தேனி குரங்கணித் தீயில் காய்ந்த புல்லும் செங்குத்துச் சரிவும் சேர்ந்து என்ன செய்தன என்பதை இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

நீயும் வா தம்பி. தைலப்புல் எந்த மலையில் எவ்வளவு என்பது தைலம் காய்ச்சியவர்களுக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது.

வரைபடம் 85 சதவீதம் சரி என்கிறார்கள். நம்பலாமா? (திருச்சூர், ஆராய்ச்சி மாணவர்)

எந்த வகையில் தவறியது என்று கேளுங்கள். 200 இடங்களில் சரிபார்த்து 170 சரி என்றால் 85 சதவீதம்தான். அதே பட்டியலில் தைலப்புல் இருந்த 20 இடங்களில் 8 மட்டும் சரியாக வந்திருக்கலாம். தீ வேலைக்கு அந்த வரைபடம் ஆபத்தானது. வகைவாரியான பிழை அட்டவணை இல்லாத வரைபடத்தை நான் வாங்குவதில்லை.

தீ எச்சரிக்கை கைபேசிக்கு வந்துவிடுகிறதே, பிறகென்ன? (மறையூர், விடுதி நடத்துபவர்)

இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்புவது நல்ல சேவை. பதிவு செய்துகொள்ளுங்கள் ஐயா. ஆனால் அதில் வருகிற புள்ளி 375 மீட்டர் அல்லது ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் நடுப்புள்ளி. தீ அந்தக் கட்டத்தில் எங்கும் இருக்கலாம், மலை முகட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கலாம். 375 மீட்டர் கருவி உள்ள செயற்கைக்கோள் மதியம் ஒன்றரை, இரவு ஒன்றரை வாக்கில் கடக்கும். மாலையில் பிடித்து நள்ளிரவுக்குள் அணைந்த தீ அதில் விழாமலே போகலாம்.

எல்லையில் வரைபடம் வெட்டிக்கொண்டு நின்றுவிடுகிறதே? (அமராவதி நகர்)

நிற்கக் கூடாது. சின்னாறுக்கு அடுத்தாற்போல ஆனைமலைப் புலிகள் காப்பகம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புல் என்றும் அந்தப் பக்கம் புதர் என்றும் தனித்தனிப் பட்டியல் வைத்தால் தீ வரும் நாளில் இரண்டும் பொருந்தாது. எங்கள் வரைபடத்தில் எல்லைக்கு வெளியே 2 கிலோமீட்டர் வரை சேர்த்தே வரைகிறோம். குறிப்பில் மலையாளப் பெயர், தமிழ்ப் பெயர், குடியில் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதுகிறோம். ரேஞ்ச் அலுவலகத்தில் ‘கொங்கிணி’ என்றால் உண்ணிச்செடி என்று அந்தப் பக்கத்து வாட்சருக்கும் தெரிய வேண்டும்.

ஒரு தடவை வரைந்தால் எத்தனை வருடம் ஓடும்? (உடுமலைப்பேட்டை, அதே மாணவி)

காட்டு வகை வரைபடம் பத்து வருடம்கூடத் தாங்கும். எரிபொருள் வரைபடம் அப்படியில்லை. ஒரு சரிவு எரிந்தால் அந்தக் கோடைக்கு அங்கே எரிய ஒன்றுமில்லை. அடுத்த மழைக்குப் பிறகு புல் அடர்ந்து வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததும், ஃபயர் லைன் வெட்டத் தொடங்குவதற்கு முன், எரிந்த இடங்களையும் புல் அடர்ந்த இடங்களையும் திருத்துகிறோம். ஜனவரி முதல் வாரத்தில் நடை ஆரம்பம். வருவதானால் முழுக்கைச் சட்டையும் இரண்டு பாட்டில் தண்ணீரும் எடுத்து வா. வனத்துறை அனுமதியை நாங்கள் முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம்.