கேளுங்க டீச்சர்: நாற்பது வயசில் காலேஜ்

கேள்வி: டீச்சர், எனக்கு 39 வயசு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த மாசமே கல்யாணம் பண்ணிட்டாங்க. மாங்காய் சீசனில் மாங்கூழ் (பல்ப்) கம்பெனி வேலைக்குப் போவேன். மகள் கிருஷ்ணகிரியில் காலேஜ் முதல் வருஷம். அவளோடு உட்கார்ந்து செல்போனில் ‘ட்வென்டி அகெய்ன்’ என்ற கொரியன் சீரியல் பார்த்தேன். 38 வயசு அம்மா மகன் படிக்கிற காலேஜிலேயே சேர்கிறாள். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. மகளிடம் சொன்னால், “படிம்மா, ஆனா எங்க காலேஜுக்கு மட்டும் வந்துடாத” என்கிறாள். வீட்டுக்காரர், “இனிமே படிச்சு கலெக்டர் ஆகப் போறியா?” என்கிறார். மகளுக்கு வரும் புதுமைப்பெண் பணம் எனக்கும் கிடைக்குமா? இதெல்லாம் நடக்கிற காரியமா?

*பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்*

பதில்: நடக்கிற காரியம்தான் அம்மா. தள்ளிப் போடாதீர்கள்.

2015இல் டிவிஎன் சேனலில் 16 எபிசோடாக வந்த சீரியல் அது. நானும் முழுசாகப் பார்த்தேன். சோய் ஜி வூ நடித்த ஹா நோ ரா, டான்ஸ் ஆட ஆசைப்பட்ட பெண். 19 வயசில் வயிற்றில் பிள்ளை, கல்யாணம், அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. பேராசிரியர் புருஷன் தன் படிப்புக்கு இவள் ஈடில்லை என்று விவாகரத்து கேட்கிறார். கணையத்தில் புற்றுநோய், ஆறு மாசம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் இவளுக்குக் காலேஜ் போகிற துணிச்சல் வருகிறது. அது தப்பான ரிப்போர்ட் என்பது பிறகுதான் தெரிகிறது.

என் மனசு ஒப்பாத இடம் அதுதான். ஒரு பொம்பளை தனக்கென்று ஒன்று கேட்க, சாவு வந்து வாசலில் நிற்கணுமா? தர்மபுரி பக்கத்துப் பள்ளிகளில்தான் என் சர்வீஸ் முழுக்கப் போச்சு. காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தால் சில பெஞ்சுகள் காலியாக இருக்கும். “அவளுக்குக் கல்யாணம் டீச்சர்” என்று பக்கத்துப் பிள்ளை சொல்லும். ரெஜிஸ்டரில் அந்தப் பேரை அடிக்கும்போது வயிறு எரியும். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது உங்கள் வயசு இருக்கும். அதனால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

பிளஸ் டூ பாஸ் என்பதால் பாதி வேலை முடிந்தது. தொலைதூரக் கல்வியில், தமிழ் வழியில் படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002இல் தொடங்கியது. இன்னொன்று இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு முறை சேர்க்கை உண்டு, பி.ஏ.வுக்கு உச்ச வயசு கிடையாது. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்கலாம். பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். ஜூனில் உங்களுக்கு மாங்காய் வேலை உச்சத்தில் இருக்கும். கஷ்டமான பேப்பர்களை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுமைப்பெண் பணம் உங்களுக்கு வராது. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துவிட்டு ரெகுலர் காலேஜில் சேர்கிற பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் தருகிற திட்டம் அது. தொலைதூரப் படிப்புக்கு இல்லை.

மகள் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். நோ ராவின் மகனும் முதலில் அப்படித்தான் கூச்சப்படுகிறான். அந்த வயசு அப்படி. வீட்டுக்காரரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: “நம்ம பொண்ணு கலெக்டர் ஆகலைன்னா அவ படிச்சதும் வீண்தானா?”

கேள்வி: நான் பத்தாவது பாஸ். பிளஸ் டூ இல்லாமலே நேராக டிகிரி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

*ஒரு வாசகி, பென்னாகரம்*

பதில்: வேண்டவே வேண்டாம். பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்று வரிசையாகப் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்த டிகிரி செல்லும். நடுவில் ஒரு படியைத் தாண்டி வாங்கின பட்டத்தை வைத்துக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூவை முடியுங்கள். அதற்கும் உச்ச வயசு இல்லை. பிறகு டிகிரிக்குப் போகும்போது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் வெப்சைட்டில் பாருங்கள். அதைப் பார்க்காமல் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓசூரில் ஷிப்ட் வேலை செய்கிறேன். மனைவி தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்திருக்கிறார். நான் என்ன உதவி செய்யணும் டீச்சர்?

*ஒரு கணவர், ராயக்கோட்டை*

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, நன்றாக இருங்கள் தம்பி. நேர்முக வகுப்பு பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் இருக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளையும் சமையலையும் நீங்கள் பாருங்கள். பரீட்சை மாசத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நீங்கள் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வாருங்கள். “அவ ஏன் வரல?” என்று கேட்டால், “பரீட்சைக்குப் படிக்கிறா” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.